வாங்ணா

நல்லவேளை, வாந்தி எடுத்தேன். பழனி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு காரை நிறுத்தச் சொல்லி நான் ரோட்டோரம் குனிந்து நின்றதை அம்மா பார்த்திருக்காவிட்டால், என்னையும் கையைப் பிடித்து இழுத்து, மற்றவர்களுக்கு மாட்டின மாதிரி ஒரு ஆரஞ்சு மெத்தைச் சட்டையை மாட்டிப் படகில் உட்கார வைத்திருப்பாள். இவளுக்குத் தண்ணி ஆகாது, கரையிலேயே இருக்கட்டும், பையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தலைவலி, கிறுகிறுப்பு, தண்ணீர்ப் பயம் என்று நான் வாய்க்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய் எதற்கும் வேலை வரவில்லை. பொய் சொல்லாமலே காரியம் நடந்ததில் ஒரு சந்தோஷம். உடனே, இவ்வளவு பெரிய காரியத்தை வைத்துக்கொண்டு இந்தச் சுண்டைக்காய்ப் பொய்யைச் சொல்லாததற்கு ஒரு சந்தோஷமா என்று எனக்கு நானே ஒரு குட்டு. படகு போகிறது. முன்னால் அண்ணன் தண்டபாணி, பின்னால் நங்கை, அவள் மடியில் சின்னவள், பக்கத்தில் பெரியவள், நடுவில் அம்மா. நங்கை என்பது அண்ணன் சம்சாரம், எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மா குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு படகின் இரண்டு விளிம்பையும் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறாள், அவள் பிடியை விட்டால் படகு முங்கிவிடும் என்கிற மாதிரி. துடுப்புப் போடுகிறவர் ஏதோ சொல்ல அண்ணன் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. இந்தக் கொடைக்கானல் ஏரி நம் ஊர்க் குளம் மாதிரி ஒரே பார்வையில் அடங்குகிற ஏரி இல்லை. விரலை விரித்த கை மாதிரி நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. நடுத் தண்ணீரைத் தாண்டி, அந்த மேட்டுக்கு அப்பால் படகு திரும்பிவிட்டால் இந்தக் கரை அவர்களுக்குத் தெரியாது. அப்போது நான் எழுந்து, ஏரி ரோட்டில் வலது கைப் பக்கமாக நடந்து, குதிரைக்காரர்கள் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே பூபதி காரோடு நிற்கிறார். பூம்பாறையில் அவருடைய சிநேகிதர் வீடு, அந்த ஊர் முருகன் கோயிலில் மாலை, அப்புறம் பதிவாபீஸ். யோசனை முழுக்க அவருடையதுதான். எங்கள் வீட்டில் சமையல்கட்டில் ஒருத்தி, தாழ்வாரத்தில் ஒருத்தன், வாசலில் யாராவது என்று எந்த நேரமும் ஒரு கண் என்மேல் இருக்கும். எனக்கு அவர்கள் பார்த்திருக்கிற கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒருதரம் மலைக்குப் போய்விட்டு வரலாம் என்று அம்மா ஆரம்பித்ததும் அதை நான் அழுதுகொண்டு போய் பூபதியிடம் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்துவிட்டு, "உங்கூட்டு ஆளுங்க மொத்தமும் ஒரே நேரத்துல கால் ஊனி நிக்க முடியாத இடம் படகு ஒண்ணுதான்" என்றார். படகு கரைக்கு வருகிற வரைக்கும் நிற்பாராம். அதற்குள் நான் வரவில்லை என்றால் எனக்கு மனசில்லை என்று எடுத்துக்கொண்டு மலை இறங்கிவிடுவாராம், அதன் பிறகு இந்தப் பேச்சே கிடையாதாம். அவர் சொன்னால் சொன்னதுதான்.

படகு இன்னும் மேட்டைத் தாண்டவில்லை. தாண்டினதும் எழுந்துவிட வேண்டும். எழுந்து, இந்தப் பைகளை என்ன செய்வது? இதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. எந்தச் சட்டை, எந்தக் கோயில், யார் சாட்சி, செல்லை எப்போது அணைப்பது என்று அவ்வளவும் பேசினோம், செல்லை விடியும்போதே அணைத்தும் விட்டோம், ஆனால் பையைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் கரையில் உட்காருகிறவள் பையை என்ன செய்வாள் என்று இரண்டு மண்டைக்கும் தோன்றவில்லை. பெஞ்சு நிறையப் பைகள். அம்மாவின் ஒயர்கூடையில் கட்டுச்சோறு, தயிர் டப்பா, அவளுடைய சர்க்கரை மாத்திரை. நங்கையின் தோள்பையில் சின்னவளின் மாற்று ஜட்டி, மப்ளர், இன்னும் என்னென்னவோ. அண்ணனின் பையில் எல்லோருடைய செல்லும். தண்ணியில உழுந்துட்டா அப்புறம் மீன்தான் அலோ சொல்லும் என்று சொல்லிப் பிடுங்கி உள்ளே போட்டான். பெஞ்சுக்குக் கீழே எல்லோருடைய செருப்பும். புதுச்செருப்பு நனையக் கூடாது என்று அம்மா எல்லோரையும் கழற்ற வைத்துவிட்டாள். வெறுங்காலோடு படகேறினவர்களின் செருப்பை இந்தக் குளிரில் அனாதையாக விட்டுவிட்டு ஒருத்தி எப்படிப் போவாள்? திரும்பி வந்து பார்த்தால் பெண்ணும் இல்லை, செருப்பும் இல்லை. பெண் போனதற்கு அழுவாளா, செருப்பு போனதற்கு அழுவாளா என்று அம்மாவைப் பற்றி ஒரு கணம் கேலியாக நினைத்தேன், அடுத்த கணமே கூடையில் கிடக்கிற மாத்திரை நினைவு வந்தது, அதைப் போடாமல் இருந்தால் சாயங்காலத்துக்குள் அசந்து படுத்துவிடுவாள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த மாதிரி என்பார்கள். இந்தப் பூனை பாலையும் குடிக்க மாட்டேன் என்கிறது, பாலை விட்டு நகரவும் மாட்டேன் என்கிறது. போகட்டும், பை ஒரு பெரிய விஷயமா? பைக்காகவா நான் பூபதியை விடுவேன்? ஆனால் பையைப் பற்றி யோசிக்கிறவரைக்கும் மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

மற்றது என்றால் அந்த வால். எங்கள் தாராபுரத்துப் பக்கம் பேச்சுக்கு ஒரு வால் உண்டு. வாங்ணா, உக்காருங்ணா, சாப்டீங்ளாங்ணா. எந்த வார்த்தையைத் தூக்கினாலும் கடைசியில் ஒரு அண்ணன் தொங்கிக்கொண்டிருப்பான். நான் பால் சொசைட்டியில் பால் பார்த்து வாங்குகிறவள். விடிந்தும் விடியாததுமாகக் கேனும் தூக்குவாளியுமாக வரிசை நிற்கும். ஊத்துங்ணா, போதுங்ணா, தள்ளி நில்லுங்ணா, தண்ணி கலந்திருக்குதுங்ணா. ஒரு காலையில் என் வாயிலிருந்து எத்தனை அண்ணன்கள் விழுவார்கள் என்று எனக்கே தெரியாது. வெளியூர்க்காரர்களுக்கு வாங்க என்றால் மரியாதை, அவ்வளவுதான். எங்களுக்குள் அப்படி இல்லை. அண்ணன் முறை ஆகிற ஒருவரை, பிறந்ததிலிருந்து அண்ணா என்று கூப்பிட்ட ஒருவரை, ஒருத்தி வாலில்லாமல் வாங்க என்று சொல்லிவிட்டால் அது வேறு பேச்சு. அது சமையல்கட்டில் இருந்து வருகிற வாங்க. சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிற வாங்க. கட்டிக்கொண்டவனைத்தான் அப்படி மொட்டையாகக் கூப்பிடுவார்கள். பூபதியும் வரிசையில் ஒரு அண்ணனாகத்தான் வந்தார். அவர் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அந்த வாரம் அவரே பாலைக் கறந்து எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் யாரோ தவிட்டு மூட்டையைப் பிரித்துக் கொட்ட, தூசி மூக்கில் ஏறி, ஊத்துங் என்று ஆரம்பித்தவளுக்குப் பெரிய தும்மல் வந்துவிட்டது. வால் தும்மலோடு போய்விட்டது. ஊத்துங்க. அவ்வளவுதான் வெளியே வந்தது. கேனைச் சாய்த்தவர் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். அதுவரைக்கும் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஒரே தெருவில் இருந்துகொண்டு. அண்ணன் என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்டால் முகத்தைப் பார்க்கிற வேலை மிச்சம். அவர் ஊற்றிவிட்டுப் போனார். அது தப்பு, தும்மலின் தப்பு. ஆனால் மறுநாள் எனக்குத் தும்மல் வரவில்லை. தூசியும் இல்லை. அவர் கேனைத் தூக்கினபோது நான் நிதானமாக, தெளிவாக, ஊத்துங்க என்று சொன்னேன். எப்போதும் தங்கச்சியிடம் சொல்கிற மாதிரி சரி அம்மிணி என்கிறவர், சரி என்று மட்டும் சொன்னார். அவர் காது சிவந்திருந்தது. அன்றைக்கு எத்தனை பேர் பாலில் தண்ணீர் கலந்தார்களோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாப் பாலும் நல்ல பாலாகவே இருந்தது.

அப்புறம் ஒரு வருஷம். ஆள் வந்தால் வால் முளைக்கும், ஆள் போனால் வால் உதிரும். வாங்க என்று ஆரம்பித்து, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் ணா என்று முடிப்பேன். அந்த ணாவைக் கேட்டு அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், ஓடிப்போய் அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கும். பிடித்ததில்லை. ஒரே ஒரு தடவை அவர் கை என் கைமேல் பட்டது, மழையில் குடையைக் கொடுத்தபோது, மாடு கறந்து கறந்து காய்ப்பேறின கை. அந்தச் சொரசொரப்பு இப்போது கூட இங்கே மணிக்கட்டில் இருக்கிறது. இந்தக் குளிரில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. எங்களுக்குள் ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. அவர் தாத்தாவும் என் தாத்தாவும் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்றுகூட யாருக்கும் தெரியாது. ஆனால் கூட்டம் ஒன்று, அதாவது குலம், குலசாமி ஒன்று, ஒரே கோயிலில் இரண்டு பேருக்கும் மொட்டை அடித்திருக்கிறார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பங்காளி என்றால் அண்ணன் தங்கச்சி, அதோடு முடிந்தது. சாதி மாறிப் போனவளைக்கூடக் குழந்தை பிறந்தால் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். முறை மாறிப் போனவளை யாரும் சேர்த்ததாக நான் கேட்டதில்லை. எங்கள் தெருவில் அப்படிப் போன ஒருத்தி உண்டு. அவள் அம்மா அன்று மத்தியானமே கிணற்றடியில் நின்று தலை முழுகினாள். பெற்ற பெண் உயிரோடு இருக்கும்போதே, செத்தவளுக்கு முழுகுகிற மாதிரி. ஈரத்தலையோடு அவள் உள்ளே போய் உலை வைத்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அன்றைக்கு எனக்கு அது ஒரு கதை. இன்றைக்கு அந்த ஈரத்தலையில் அம்மாவின் முகம் தெரிகிறது, குரங்குக் குல்லாவோடு. அம்மா முழுகுவாளா? எண்ணெய் வைக்காமல் தண்ணீர் ஊற்றினால் அவளுக்குச் சளி பிடிக்கும். முழுகுவாள். முழுகிவிட்டு ராத்திரி என் பாயை விரித்துவிட்டு, அப்புறம் நினைவு வந்து சுருட்டுவாள். போதும். வருகிற வெள்ளிக்கிழமை உறுதி வார்த்தை, கல்யாணத்தை நிச்சயம் பண்ணுகிற நாள். பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர் நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது, போட்டோவில் பெல்ட்டை எல்லாம் நேராகப் போட்டிருக்கிறார். வேற கூட்டம், அதனால் ஒரு குற்றமும் இல்லை. அந்தக் கல்யாணத்தில் பங்காளி முறைக்குப் பந்தல்கால் பிடிக்கவும் பந்தியில் யாருக்குச் சாம்பார் வரவில்லை என்று விசாரிக்கவும் பூபதி வர வேண்டும். இன்றைக்கு நான் போகாவிட்டால் அதற்கும் வருவேன் என்று சொல்லிவிட்டார். வந்து நிற்பார். அவர் இலைக்கு இலை குனிந்து கேட்பதும், நான் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து பார்த்து, போதுங்ணா, நீங்க சாப்பிடுங்ணா என்று சொல்வதும் எனக்குத் தெரிகிறது. அதைச் சொன்ன வாயில் அதற்கப்புறம் சோறு இறங்குமா?

படகைக் காணோம். எப்போது திரும்பியது? நான் நினைப்பில் அந்த மேடையில் நின்றுகொண்டிருந்தபோது அவர்கள் மேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். தண்ணீர் மட்டும் கிடக்கிறது. எழு லோகு, எழு. லோகேஸ்வரி என்று முழுப்பெயரைச் சொல்லி அதட்டினால்தான் எனக்குக் கால் நகரும். எழுந்தேன். நாலடி தள்ளிச் சோளம் சுட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் போய், இந்தப் பைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "பாத்துக்கிறேம்மா, போயிட்டு வா. கொரங்கு வந்தா மட்டும் நான் பொறுப்பில்ல" என்றாள். போயிட்டு வா என்றது சுருக்கென்றது, போறேன் என்று யாரிடமும் சொல்லிப் பழகாத வாய், சரிக்கா வர்றேன் என்றுவிட்டேன். தயிர் டப்பாவை மேலே இருந்து எடுத்துக் கூடைக்கு அடியில் தள்ளினேன், குரங்குக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று. மாத்திரைப் பொட்டலத்தை நங்கையின் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தேன். ஓடிப்போகிறவள் செய்கிற வேலையா இது? செய்தேன். அப்புறம் நடந்தேன். கண்ணை நேராக வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் கடை, வாடகை சைக்கிள், தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிற புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி. அந்தப் பெண்கள் எல்லாம் சத்தமாகப் பேசுகிறார்கள். இங்க பாருங்க, இங்க வாங்க, மப்ளரைக் கட்டுங்க. எவ்வளவு சுளுவாக வருகிறது அவர்களுக்கு. ரோட்டில், அத்தனை பேருக்கு நடுவில், சுற்றும் முற்றும் பார்க்காமல். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், நகை வேண்டாம், ஊர் மெச்ச வேண்டாம், இப்படி ஒரு ரோட்டில் நின்று முழுத் தொண்டையில் ஒரு வாங்க வேண்டும். நினைத்துக்கொண்டே நடந்ததில் கால் தானாக வேகம் பிடித்தது. குதிரைச் சாணி நாற்றம்கூட வந்துவிட்டது. இன்னும் ஒரு வளைவுதான். அப்போதுதான் பக்கத்தில், வெகு பக்கத்தில், தண்ணீரிலிருந்து அம்மாவின் குரல். "லோகூ, பையெல்லாம் எங்க வெச்சுட்டு வந்த அம்மிணி?"

ஏரி விரலை விரித்த கை என்று சொன்னேனே, ரோடு அந்த விரல்களை ஒட்டியே சுற்றிச் சுற்றிப் போகிறது என்பதை நாங்கள் கணக்கில் வைக்கவில்லை. கரையிலிருந்து மறைந்த படகு வந்து நுழைந்தது இந்த விரலிடுக்கில்தான். கையை நீட்டினால் தொடுகிற மாதிரி, வேலிக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறார்கள். பெரியவள், அத்தை என்று கை ஆட்டுகிறாள். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்ததாகச் சொன்னேன். கடைசியில் ஒரு பொய் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பை சோளக்கார அக்காவிடம் இருக்கிறது என்றேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான், செல்லெல்லாம் அதுக்குள்ளதான கெடக்குது என்றான். அம்மா சிரிக்கவில்லை. இத்தனை நேரமாகப் பிடித்திருந்த படகு விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து, அதைத் தூக்கி என்னைப் பார்த்து, போய் உட்கார், குளிரில் வெயில் சுடுவது தெரியாது, கிறுகிறுத்து விழுந்துவிடாதே என்று ஆட்டினாள். எனக்காக விளிம்பை விட்டாள். படகு கொஞ்சம் ஆடியது, அவள் முகம் வெளுத்தது, ஆனாலும் கையை ஆட்டினாள். இன்னும் ஒரு வளைவு. ஓடியிருந்தால் படகிலிருந்து யார் இறங்கி வந்து பிடிக்க முடியும்? கால் ஊனி நிற்க முடியாத இடத்தில்தானே இருந்தார்கள், பூபதி சொன்ன மாதிரியே, எல்லோரும் ஒரே நேரத்தில். ஓடினால் அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்க முடியும். அதுதான் என்னால் முடியவில்லை. திரும்பி நடந்தேன்.

பெஞ்சில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அக்கா ஒரு சோளத்தை எலுமிச்சைப் பழம் தேய்த்து நீட்டினாள், மூஞ்சி வாடிக் கெடக்கே, தின்னு என்றாள். கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பனி இறங்குகிறது. முதலில் எதிர்க்கரை போயிற்று, அப்புறம் நடுத் தண்ணீர் போயிற்று, இப்போது படகுத் துறையின் கம்பிகள் மட்டும் தெரிகின்றன. அங்கே குதிரைக்காரர்கள் பக்கத்தில் பூபதி நிற்பார். இஸ்திரி போட்ட சட்டையோடு, காருக்குள் உட்காராமல் வெளியே, உட்கார்ந்தால் நான் வருவது தெரியாது என்று. மாலை வாங்கி வைத்திருப்பாரா? வாங்கியிருப்பார், வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றியிருப்பார், பால் கேனுக்கு ஈரச்சாக்கு சுற்றுகிற மாதிரி. எனக்கு மனசில்லை என்று நினைப்பார். மனசைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்னிடம்? உங்களோடு ஒரு வீடு. ஈரத் தாழ்வாரம், எருமை வேண்டாம், இரண்டு பசு போதும். நீங்கள் கறந்துகொண்டு வந்து வைப்பீர்கள், நான் உள்ளேயிருந்து கூப்பிடுவேன். சுடுதண்ணி வெச்சிருக்கேன், குளிங்க. ஆறிப்போகுது, வாங்க. தூங்குங்க. கண்ணாடியை எங்க வெச்சீங்க. இப்படியே வயசாகி, பல் போய், அப்போதும் வாங்க. இவ்வளவு சின்ன ஆசைக்கு இவ்வளவு பெரிய மலை ஏற வேண்டியிருந்தது. ஏறியும் என்ன? பனிக்குள் துடுப்புச் சத்தம் கேட்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது, இப்போது எழுந்தால்கூடப் போய்விடலாம், பனியில் யாருக்கும் தெரியாது, பை போனால் போகிறது. எழுந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறேன், சோளம் ஆறிப்போய்க் கையில் இருக்கிறது. சின்னவள் பாடுகிறாள். துறையில் படகு இடிக்கிற சத்தம். அவ்வளவுதான். இந்நேரம் அவர் காரைத் திருப்பியிருப்பார்.

வெறுங்காலோடு ஒவ்வொருவராக வந்தார்கள். சில்லுங்குது, சில்லுங்குது என்று பிள்ளைகள் குதித்தன. அண்ணன் முதலில் பையைத் திறந்து செல்லைத் தேடினான். அம்மா வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைக்கப் பார்த்தாள். அவளுடைய பாரம் முழுக்க என் தோளில் இருந்தது. அப்போது பெரியவள், சித்தப்பா என்றாள். பனிக்குள்ளிருந்து பூபதி வந்துகொண்டிருந்தார். சொன்னால் சொன்னதுதான் என்கிறவர், இறங்கிப் போகவில்லை. படகு வந்ததும் போகிறேன் என்றவர், படகைத் தேடிக்கொண்டே வந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் நின்றார். சட்டை இஸ்திரி போட்டதுதான், தலைமுடியெல்லாம் பனி. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்த முகம் அது. அட பூபதி, நீ எங்கப்பா இங்க என்று அண்ணன் கத்தினான். சிநேகிதன் ஒருவனைப் பார்க்க வந்தேன் என்று அவர் என்னவோ சொன்னார். நங்கை முந்தானையை இழுத்துக்கொண்டு, வாங்க கொழுந்தனாரே என்றாள். அம்மா, வா சாமி என்றாள். அண்ணன் அதற்குள் ஸ்வெட்டர் விலையைப் பற்றி அவரிடம் புலம்ப ஆரம்பித்துவிட்டான். நான் சும்மா நின்றேன். எங்கள் பக்கம் வந்தவரை வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கு ஒருதரம் வாங்க என்று கேட்க வேண்டும், ஒருத்தர் கேட்காவிட்டாலும் அது பத்து வருஷத்துக்குப் பேச்சு. ரோடாக இருந்தாலும் மலையாக இருந்தாலும் அது மாறாது. அம்மா என் தோளை அசைத்தாள். "அண்ணன் வந்திருக்கறான், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம நிக்கறயே."

வாய் பழகின வழியில் போயிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். நாக்கு அதற்குத் தயாராகவே இருந்தது, ணா சொல்ல மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க, என்றேன். நாக்கை அங்கேயே வைத்துப் பிடித்துக்கொண்டேன், அதற்கு மேல் ஒன்றும் வெளியே வராதபடி. அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவன் பேசிக்கொண்டே இருந்தான். நங்கை பிள்ளைக்குச் செருப்பு மாட்டினாள். தோளில் இருந்த அம்மாவின் கை மட்டும் கனத்தது. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் இல்லாமலும் அவள் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லை, பயம் இருந்தது, சற்று முன்னால் படகு ஆடினபோது இருந்த பயம். "அண்ணான்னு சொல்லு கண்ணு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அவளைத் தாங்கிக்கொண்டிருந்த தோளை நான் விலக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே, சோளக்கார அக்கா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, "வாங்க" என்றேன். அண்ணனின் பேச்சு நின்றது. பூபதி வந்தார்.